செல்பேசியைப் பிடுங்கி வைக்கும் புண்ணியவான்களுக்கு

புனேயில் ஆணி பிடுங்குவது போக, கல்லூரியிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகளை நேர்முகத்தில் பார்ப்பதும் என் வேலை. எந்த மாநிலமானாலும் நிறைய பேர் சொல்வது ஒரே கதை. லேப் வாசலிலேயே செல்பேசியை வாங்கி வைத்து விடுவார்களாம். உள்ளே போனால் டர்போ சி நீலத்திரை. ஏனய்யா என்றால் 'ஒழுக்கம்' என்று பதில் வருகிறது.

டர்போ சி++ முதலில் வந்தது 1990-ல். 16 பிட் சமாச்சாரம். 64 பிட் விண்டோஸில் தானாக ஓடாது, டாஸ்பாக்ஸ் என்று முட்டுக் கொடுக்க வேண்டும். அதில் 'இன்ட்' இரண்டே பைட், 32767-க்கு மேல் தாங்காது. 8-க்கு ஃபேக்டோரியல் கேட்டால் -25216 என்று சொல்லும்! வாசலில் பிடுங்கி வைத்த ஆண்ட்ராய்டு செல்பேசியில் டெர்மக்ஸ் போட்டு, கிளாங் கம்பைலரில் அதே நிரலை ஓட்டுங்கள். 40320 என்று சரியாக வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஏன் இப்படி?" என்று வாத்தியார் கேட்டால் போதும். மெமரி பாடம் ஜென்மத்துக்கும் மறக்காது.

"வீட்டில் போய்ப் பழகட்டுமே" என்பார்கள். எதில் பழகுவது? தேசிய மாதிரி ஆய்வு 2017-18-ல் எடுத்த கணக்குப்படி, கணினி இருந்தது கிராமத்து வீடுகளில் 4.4 சதவீதம், நகரத்தில் 23.4 சதவீதம். அந்த வீட்டுப் பிள்ளையிடம் இருக்கும் ஒரே கணினி அந்தச் செல்பேசிதான். 2020-ல் ஊரடங்கு வந்தபோது கல்லூரிகள் அதே செல்பேசியில்தானே பாடம் நடத்தின? அப்போது இனித்தது இப்போது கசக்கிறதா?

வாட்ஸப் பார்ப்பான், ரீல்ஸ் பார்ப்பான் என்பது நியாயமான பயம்தான். அதற்கு வாத்தியார் வகுப்பைச் சுற்றி வர வேண்டும். சின்னத் திரையில் ஆயிரம் வரி எழுத முடியாது என்பதும் உண்மை. ஆனால் முதல் வருடக் கணக்குகள் பெரும்பாலும் இருபது முப்பது வரிதானே? ஓடிஜி கேபிளில் சாதாரண கீபோர்டைச் சொருகினால் டைப் அடிக்கும் கஷ்டமும் தீர்ந்தது. அதுவும் வேண்டாமா? டேல் பார்சன்ஸ், பட்ரீஷியா ஹேடன் என்ற இருவர் 2006-ல் ஒரு புதிர் வகையை அறிமுகப்படுத்தினார்கள். கலைத்துப் போட்ட நிரல் வரிகளைச் சரியான வரிசையில் அடுக்க வேண்டும். விரலால் இழுத்து இழுத்து அடுக்கத் தொடுதிரை எவ்வளவு தோது!

செல்பேசியில் வீடியோ பாடம் பார்க்க வைத்துவிட்டு 'நாங்களும் மொபைல் லேர்னிங்' என்று பீற்றிக் கொள்வதை நான் கேட்கவில்லை. நீச்சலும் நிரலும் கரையில் நின்று பார்த்தால் வராது. எழுதணும், பிழை வாங்கணும், திருத்தணும். டெர்மக்ஸோ பைட்ராய்டோ ஒரு முறை நிறுவி விட்டால் இணையம் இல்லாமலே பேருந்தில், விடுதி மொட்டை மாடியில் என்று எங்கேயும் இதைச் செய்யலாம். வாரத்துக்கு ஒரு லேப் வகுப்பில் இது நடக்காது.

நடக்காததன் விலையைப் பிள்ளைகள்தான் கொடுக்கிறார்கள். ரெக்கார்டு நோட்டில் நிரலையும் அவுட்புட்டையும் கையாலேயே எழுதிக் கையெழுத்து வாங்கியவர்கள், எங்கள் முன்னால் வந்து உட்கார்ந்து முதல் எரர் செய்தியைப் படிக்கத் தெரியாமல் விழிக்கிறார்கள். மூளைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, பழக்கம் இல்லை. வேலையோ வீட்டில் மடிக்கணினி வைத்திருந்த பிள்ளைக்குப் போகிறது.

ஐயா பேராசிரியர்களே, அடுத்த லேபுக்கு அந்தப் பெட்டியைத் திறந்து விடுங்கள். ரெக்கார்டில் கையெழுத்துப் போடும் முன், "ஓட்டிக் காட்டு" என்று கேளுங்கள்.