ஷவர் பம்ப் மக்கர் பண்ணுதா? காசு யார் கொடுக்கணும்?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் மேல் மாடியில் வாடகைக்கு இருக்கீங்களா? அப்போ இது உங்களுக்குத்தான். தண்ணி 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினாத்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். மொட்டை மாடி டேங்க் உங்க ஷவருக்கு 2 மீட்டர் மேலே இருந்தா, கிடைப்பது வெறும் 0.2 பார். அதனாலதான் பிரஷர் பம்ப். அது நின்னா குளியலே பக்கெட்டுக்கு வந்துடும்.

உடனே கிரெடிட் கார்டை எடுத்து புது பம்ப் ஆர்டர் பண்ணாதீங்க. முதல்ல ஷவர் தலையைக் கழட்டிப் பாருங்க. நம்ம ஏரியா போர் தண்ணியில் உப்பு படிஞ்சு துளைகள் அடைச்சிருக்கலாம். வினிகரில் ஊற வெச்சாலே சரியாகிடும். மோட்டார் 'உம்ம்'னு சத்தம் மட்டும் போட்டு சுத்தலைன்னா, பல நேரம் கெபாசிட்டர்தான் போயிருக்கும். சின்னச் செலவு, ஆனா எலக்ட்ரீஷியனை வெச்சே மாத்துங்க. எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போதே பம்ப் ஓடி ஓடி நிக்குதுன்னா, எங்கேயோ கசிவு, இல்லைன்னா பிரஷர் ஸ்விட்ச் கோளாறு.

இதையெல்லாம் பார்த்தும் பம்ப் முடிஞ்சு போச்சுன்னா, யார் காசு?

2017-ல் இயற்றி 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பராமரிப்பைப் பிரிச்சுக் கொடுக்குது. பைப் மாத்துறது, வயரிங், வெள்ளையடிப்பு எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய், வாஷர், கீஸர் ரிப்பேர், மின்சாதனங்கள் வாடகைதாரர் பொறுப்பு. பிரஷர் பம்ப்புன்னு தனி வரி இல்லை. "அதுவும் மின்சாதனம்தானே தம்பி"ன்னு ஓனர் சொன்னா, அந்த வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனா அக்ரிமென்ட்டில் வேற மாதிரி எழுதியிருந்தா, அதுதான் செல்லும்.

என் கருத்து இதுதான்: ரிப்பேர் உங்களுது, புது பம்ப் ஓனருது. கணக்குப் பாஷையில் முதலாவது செலவு, இரண்டாவது சொத்து. நீங்க காலி பண்ணின பிறகும் அந்தப் பம்ப் அந்த வீட்டுக்குத்தான் உழைக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கு. வாடகை வருமானத்தில், சொத்து வரி போக மிச்சத்தில் 30% வருமான வரிச் சட்டப்படி ஓனருக்குக் கழிவு. மாசம் 15,000 ரூபாய் வாடகைன்னா வருஷத்துக்கு 1,80,000. சொத்து வரியை விட்டுட்டுப் பார்த்தா, 54,000 ரூபாய்க்கு அவர் வரி கட்ட வேண்டாம். வீட்டுக்கு ஒரு ரூபாய் செலவு பண்ணலைன்னாலும் இந்தக் கழிவு உண்டு. நீங்க வாங்கின பம்ப்புக்கு உங்க சம்பளத்தில் எந்தக் கழிவும் கிடையாது, எச்.ஆர்.ஏ.வும் வாடகைக்கு மட்டும்தான்.

அதனால மெக்கானிக் வர்றதுக்கு முன்னாடியே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவும் எஸ்டிமேட்டும் அனுப்பி, "வாடகையில் கழிச்சுக்கலாமா சார்?"னு கேட்டு பதில் வாங்கிக்கோங்க. வாய்ப்பேச்சு மூணாவது மாசம் மறந்துபோகும். அவர் ஒத்துக்கலை, உங்களுக்கும் பக்கெட் ஒத்துவராதுன்னா, நீங்களே வாங்குங்க. பில் உங்க பேரில் இருக்கட்டும், காலி பண்ணும்போது கழட்டி எடுத்துட்டுப் போவேன்னு அப்பவே எழுத்தில் சொல்லிடுங்க.

அடுத்த முறை 11 மாச அக்ரிமென்ட் புதுப்பிக்கும்போது ஒரே ஒரு வரி சேருங்க: "பம்ப், மோட்டார் மாற்றும் செலவு உரிமையாளருடையது." கையெழுத்துக்கு முன்னாடி இதைக் கேட்க காசு செலவில்லை.