சாவி வாட்சா? பேட்டரி வாட்சா?



நம் கணக்கு சார் இந்தக் கல்வியாண்டோடு ஓய்வு பெறுகிறார். டயலில் பள்ளிப் பெயர் போட்ட கைக்கடிகாரம் ஒன்று செய்யச் சொல்லிக் கொடுப்பதாக முடிவாகிவிட்டது. உள்ளே எந்த மிஷின் வைப்பது என்பதில்தான் வகுப்பே இரண்டு கட்சியாக நிற்கிறது. சாவி வாட்ச்தான் கௌரவமாம், பேட்டரி வாட்ச் திருவிழாக் கடைப் பொம்மையாம். நான் பேட்டரி கட்சி.

சாவி வாட்சை நான் குறைத்துப் பேசவில்லை. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி துணையோடு எச்.எம்.டி. பெங்களூரில் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. நம்ம தாத்தாக்கள் கையில் இருந்த 'ஜனதா' அவர்கள் செய்ததுதான். சாவி கொடுத்தால் சுருள்வில் இறுகும். அது அவிழ அவிழ மணிக்கு 18,000 டிக், அதாவது விநாடிக்கு 5. காதில் வைத்துக் கேட்டால் அழகாகத்தான் இருக்கும்.

பேட்டரி வாட்சுக்குள் இருப்பது குவார்ட்ஸ் படிகம். நம்ம பாலாற்று மணலில் இருக்கிற அதே குவார்ட்ஸ்தான், ஆனா இது ஆலையில் வளர்த்தது. மின்சாரம் பட்டதும் விநாடிக்கு 32,768 தடவை அதிரும். ஏன் அந்த எண்? 2-ன் அடுக்கு 15! பாதி பாதியாக 15 தடவை குறைத்துப் பாருங்கள், 1 வரும். விநாடி முள் நகர அந்த ஒன்று போதும். அடுக்குக்குறி விதிகளைத் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தவருக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு உண்டா?

நேரமும் இதில்தான் சரியாக இருக்கும். சாவி வாட்ச் ஒரே நாளில் அரை நிமிஷம்கூடத் தவறலாம். குவார்ட்ஸ் ஒரு மாதத்துக்கே பதினைந்து, இருபது விநாடிதான் தவறும்.

பொம்மை என்கிறவர்களுக்கு ஒன்று. 1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ கம்பெனி விற்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் ஒரு சின்னக் கார் விலை! பிறகுதான் மலிந்தது. 1984-ல் டாடாவும் நம் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை வைத்து குவார்ட்ஸை நம்பித்தான் இறங்கியது. எச்.எம்.டி. வாட்சஸை மூட 2016-ல் மத்திய அரசே முடிவெடுத்தது. இன்று சாவி வாட்சைப் பிரித்து எண்ணெய் போட்டு மாட்டத் தெரிந்தவர்களைத் தேடித்தான் போகணும். பேட்டரி மாற்ற உத்திரமேரூர் போனால் போதும்.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய காரணம் பணம். விசாரித்ததில் குவார்ட்ஸ் என்றால் தலைக்கு 20 ரூபாய், சாவி வாட்ச் என்றால் 60. அறுபது கொடுக்க முடியாதவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். கேட்டால் "வீட்ல தரல"ன்னு சொல்ல வெட்கப்பட்டு அன்றைக்கு லீவு போட்டுவிடுவார்கள். சார் கையில் வாட்ச் கட்டும்போது பாதிப் பேர் இல்லாமல் என்ன கௌரவம்?

பேட்டரி தீர்ந்தால் குப்பைதானே என்று எதிர்க்கட்சி கேட்பது நியாயம். வாட்ச் குப்பை ஆகாது, குண்டுமணி மாதிரி ஒரு செல்தான் மாற்றணும். தீர்ந்த செல்லை உள்ளேயே விட்டால் கசிந்து மிஷினைக் கெடுத்துவிடும் என்பதும் உண்மை. அதனால் செல் எண்ணை ஒரு சீட்டில் எழுதி, "முள் நின்றால் உடனே மாற்றவும் சார்" என்று போட்டு, பெட்டிக்குள் வைத்துவிடலாம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி,
ஓரிக்கை.