புலியைத் தேடினோம், கண்ணில் பட்டது உண்ணிச்செடி

போன மாதம் விவசாய நண்பர்களோடு முதுமலை போயிருந்தேன். வனத்துறை வண்டியில் ஒரு சுற்று. "புலி தெரியுமாண்ணே?" என்று எல்லோரும் வழிகாட்டியைக் கேட்டபடி வந்தார்கள். என் கண்ணில் பட்டதோ வழிநெடுக உண்ணிச்செடி.

வெள்ளைக்காரன் தோட்ட அழகுக்குக் கொண்டுவந்த செடி. இன்று காட்டுப் புல்லை அமுக்கிவிட்டது. நம்ம மாடே அதைத் தொடாது. மான் மட்டும் மேயுமா? காட்டில் மேய்ச்சல் குறைந்தால் நம்ம வயலுக்குத்தானே வரும்!

வங்கியில் கடன் கணக்குப் பார்த்தவன் சொல்கிறேன்: பயிர்ச்சேத நிவாரணம் வட்டி கட்டுவது மாதிரி. உண்ணிச்செடியை வேரோடு எடுத்து, புல்லை மீட்பதுதான் அசலை அடைப்பது. நிவாரணம் கேட்கும் மனுவில் இதையும் சேர்த்து எழுதுவோம்.