வேகத்திற்குக் கடிவாளம்

‘லைன் கிளியர்’ கிடைக்காமல் மின்கம்பியில் கை வைக்கலாகாது என்பது மின்சாரம் விளையும் நம் நெய்வேலியில் சிறுவரும் அறிந்த பாடம். கணினி வலையமைப்புக்கும் அப்பாடம் பொருந்தும்.

செய்திகள் செல்லும் பாதையை வகுக்கும் வழித்தட விதிகளை, இன்று ஓரிடத்திலிருந்தே தானியங்கி மென்பொருள் நொடியில் மாற்றிவிடுகிறது. நன்மைதான், ஆனால் பிழையும் நொடியில் பரவுமன்றோ?

2021 அக்டோபர் 4 அன்று, பராமரிப்பின்போது இட்ட ஒரே கட்டளையால் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியவை உலகெங்கும் ஏறத்தாழ 6 மணி நேரம் முடங்கின. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனை மென்பொருளிலேயே பிழை இருந்தது! பழுது நீக்க உதவும் கருவிகளும் கூடவே முடங்கின.

ஆகவே, மாதிரி வலையில் சோதனை, சிறுகச் சிறுக மாற்றம், பழைய விதிக்குத் திரும்பத் தனிவழி ஆகிய மூன்றும் இல்லாத தானியக்கம் நமக்கு வேண்டாம். காவலுக்கு நிற்பவனையும் சோதித்தறிவதே விவேகம்.