நூறு குதிரைகள் எங்கே போயின?

அமெரிக்காவின் 'செவர்லே கார்வெட்' வேகத்துக்குப் பெயர் பெற்ற கார். அதன் 1970, 1972ஆம் ஆண்டு வண்டிகளின் அடிப்படை மாதிரியில் இருந்தது ஒரே 350 கன அங்குல எஞ்சின்தான். ஆனால் முன்னதன் திறன் 300 குதிரைத்திறன் என்றும் பின்னதன் திறன் 200 என்றும் அச்சிட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் நூறு குதிரைகள் மாண்டுவிட்டனவா?

இடைப்பட்ட 1971ஆம் ஆண்டு வண்டி இதற்கு விடை சொல்கிறது. அவ்வாண்டு அதே எஞ்சினுக்கு நிறுவனமே இரண்டு அளவுகளைத் தந்தது: 270, 210. முதலாவது, காற்று வடிகட்டி, சைலன்சர் முதலியவற்றை நீக்கிவிட்டு, சோதனை மேடையில் அளந்தது. இரண்டாவது, வண்டியில் இருப்பதுபோல் அனைத்தையும் பூட்டி அளந்தது. ஆக, நூறில் அறுபது, அளக்கும் முறையின் வேறுபாடே!

முப்பது மட்டும் 1971இல் நேர்ந்த மெய்யான இழப்பு. ஈயம் குறைந்த பெட்ரோலில் ஓடுவதற்காக எஞ்சினின் அழுத்த விகிதத்தை 10.25இலிருந்து 8.5ஆகக் குறைத்தார்கள். புகையின் நச்சைக் குறைக்கக் கொடுத்த விலை அது. அதை வீழ்ச்சி என்பது தகுமா? 1972இல் மேலும் குறைந்தது பத்தே.

இவ்விரு வண்டிகளில் வேகமானது 1970ஆம் ஆண்டினது; நேர்மையானது 1972ஆம் ஆண்டினது என்பதே என் துணிபு. வாங்குபவன் ஓட்டப்போகும் நிலையில் உள்ள எஞ்சினின் திறனை அல்லவா அது சொன்னது?

நண்பர்களே, ஆய்வுக்கூடக் குறிப்பேடாயினும் கடை விளம்பரமாயினும், எப்படி அளந்தது என்று சொல்லாத எண்ணை நாம் ஏற்கலாகாது. பெரிய எண்ணைக் கண்டு வியப்பதற்கு அறிவியல் படிக்க வேண்டியதில்லை. அதைக் கேள்வி கேட்பதற்கே படிக்கிறோம்.