லித்தியம் பேட்டரிக்குத் திரவம் ஊற்றலாமா?

"பேட்டரி ஸ்பிரேயர் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. முன்பு ஒரு சார்ஜில் பதினைந்து டேங்க் அடிக்கும். இப்போது ஐந்திலேயே நின்றுவிடுகிறது. லித்தியம் பேட்டரி என்று எழுதியிருக்கிறது. டிராக்டர் பேட்டரி மாதிரி திறந்து திரவம் ஊற்றினால் சரியாகும் என்கிறார்கள். ஊற்றலாமா?"
– வாசகர், கலவை.

ஊற்றவே கூடாது. டிராக்டரின் ஈய பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது தண்ணீர் வாயுவாகப் பிரிந்து குறையும். அதற்காகத்தான் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறோம். லித்தியம் பேட்டரிக்குள் இருப்பது தண்ணீர் அல்ல. எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பானில் லித்தியம் உப்பைக் கரைத்த திரவம். ஈரம் பட்டால் அந்த உப்பிலிருந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடு என்ற கடும் நஞ்சு வரும்.

திரவத்தில் 'மருந்து' சேர்ப்பது உண்டுதான். ஆனால் அது தொழிற்சாலையில், செல்லை மூடுவதற்கு முன்பு. புது தோசைக்கல்லை எண்ணெய் தடவிப் பழக்குகிறோமே, அதுபோல முதல் சார்ஜில் கிராஃபைட் தகட்டின் மேல் மெல்லிய படலம் படிகிறது. லித்தியம் அயனி அதன் வழியே போய்வரும்; திரவம் தகட்டைத் தொட முடியாது. படலம் விரிசல் விட்டால் திரவம் மறுபடி சிதைந்து புதுப்படலம் படியும், அதில் கொஞ்சம் லித்தியமும் சிக்கிக்கொள்ளும். இதைக் குறைக்கத்தான் வினைலீன் கார்பனேட் போன்றவற்றை ஓரிரு சதவீதம் கலக்கிறார்கள். அது மற்ற திரவத்துக்கு முந்திக்கொண்டு சிதைந்து உறுதியான படலத்தைத் தருகிறது. உங்கள் பேட்டரியில் சிக்கிப்போன லித்தியத்தை எந்தத் திரவமும் மீட்டுத் தராது.

1953 முதல் இயங்கும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் ('சிக்ரி' என்றால் பலருக்குத் தெரியும்), லித்தியம் பேட்டரி தயாரிக்கும் நுட்பத்தைத் தனியாருக்குக் கொடுக்க 2018-ல் ஒப்பந்தம் போட்டது. அப்படிப்பட்ட இடங்களில் ஈரப்பதம் நீக்கிய அறைக்குள் செய்யும் வேலை இது. கடைத்தெருவில் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் செய்யக்கூடியதல்ல.

பேட்டரி மேல் பழி போடுமுன் ஃபில்டர், நாசில் அடைப்பையும் சார்ஜரையும் ஒருமுறை பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அதே வோல்ட் உள்ள புது பேட்டரிதான் வழி.

அந்தப் படலத்துக்குப் பெரிய எதிரி வெயில். நம் பக்கத்து சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் ஸ்பிரேயரை வைக்காதீர்கள். தெளித்து முடித்த சூட்டோடு சார்ஜ் போடாமல் ஆறவிடுங்கள். பருவம் முடிந்து எடுத்து வைக்கும்போது முழு சார்ஜும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். பாதி இருந்தால் போதும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, குறைந்திருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள்.

உப்பிய பேட்டரிக்கு சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையோடு எரிக்காதீர்கள். 2022 பேட்டரி கழிவு மேலாண்மை விதிப்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளர் பொறுப்பு. புதியது வாங்கும்போதே கடையில் பழையதைக் கொடுத்துவிடுங்கள்.