ஓநாய்க்கும் ஒரு நிலம்

"ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்" என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. தசரா விடுமுறையில் மைசூரு சாமராஜேந்திர விலங்கியல் பூங்காவிற்குக் குடும்பத்துடன் சென்றிருந்தபோது, ஓநாயைக் கண்டதும் எங்கள் பாட்டி அதனையே சொன்னார். 1892இல் பத்தாம் சாமராஜ உடையார் காலத்தில் தொடங்கப்பெற்ற பூங்கா அது. புலியின் முன் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. ஓநாயின் முன் நின்றவர் எங்களையன்றி ஓரிருவரே. மெலிந்த கால்களும் புழுதி நிறமும் கொண்ட அதனைத் தெருநாய் எனக் கருதிக் கடந்தோரும் உண்டு.

இப்புறக்கணிப்பு முறையன்று என்பது என் கருத்து. ஓநாய் குடும்பமாக வாழும் விலங்கு. வேட்டையிலிருந்து திரும்பும் ஓநாய், தான் உண்ட இறைச்சியைக் கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டும்; முந்தைய ஈற்றில் பிறந்தவை தம் தம்பி தங்கையரைப் பேணத் துணைநிற்கும். இந்தியாவில் ஏறத்தாழ 3,000 ஓநாய்களே எஞ்சியுள்ளதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். 2022ஆம் ஆண்டுக் கணக்கீட்டின்படி புலிகள் 3,682. சட்டம் இரண்டிற்கும் ஒரே காவலைத் தருகிறது. நாம்தாம் ஒன்றை மட்டும் கொண்டாடுகிறோம்.

மைசூருவிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் மேலுக்கோட்டை உள்ளது. இராமானுசர் தங்கிய திருநாராயணபுரம் என்று தமிழர் அறிந்த தலம் அதுவே. அதனைச் சூழ்ந்த பாறையும் புதரும் நிறைந்த காடு, ஓநாயைக் காக்கும் பொருட்டு 1974இல் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. கோயிலுக்குப் பலமுறை சென்றும் நாங்கள் இதனை அறிந்திருக்கவில்லை!

ஓநாய்க்கு வேண்டுவது அடர்ந்த காடன்று. முயலும் வெளிமானும் திரியும் திறந்த புல்வெளி. அரசு ஆவணங்களிலோ அத்தகைய நிலம் பெரும்பாலும் 'தரிசு' எனக் குறிக்கப்படுகிறது. தரிசு என்றால் யாருக்கும் பயனற்றது என்று பொருளாகிவிடுகிறது. அங்கே ஆலை எழுகிறது, அல்லது மரக்கன்று நடப்படுகிறது. மரம் நடுவது எங்கும் நன்மையே என்று நானும் எண்ணியிருந்தேன். புல்வெளியில் அது ஓநாயின் வீட்டைப் பறிப்பதாகும்.

இவற்றையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். இளமையில் தருமபுரிப் பக்கம் ஆடு மேய்த்தவர் அவர். "பட்டியில் மூன்று குட்டிகளைப் பறிகொடுத்தவனிடம் போய் இதைச் சொல், கண்ணு" என்றார்.

அவர் கேட்டது நியாயமே. வனவிலங்கு கொன்ற கால்நடைக்கு வனத்துறை இழப்பீடு வழங்குகிறது. ஆயினும் ஓநாய் சிறு குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடிவிடும்; எஞ்சிய உடலைக் காட்டி மெய்ப்பிக்க மேய்ப்பவரால் இயலாது. ஆதலின் அக்கம்பக்கத்தார் சான்றையும் ஏற்று, ஆடு போன வாரத்திலேயே பணம் அவர் கையில் சேர வேண்டும். இரவுப் பட்டிக்கு வலிய வேலியும் அரசே அமைத்துத் தரலாம். ஓநாயைக் காக்கும் செலவை ஏழை மேய்ப்பவர் மட்டும் சுமப்பது அறமன்று.

பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "இதற்குக் கன்னடத்தில் என்ன பெயர்?" என்று கேட்டார். "தோள" என்றேன். அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, வேலியருகே இன்னும் சற்று நெருங்கி நின்றார்.